ஆஷ்லிங்கை ஏலத்தில் விட்டிருக்கக் கூடாது

கழித்துப்போட்ட அரசு ஜீப்பை ஏலம் விடுகிற மாதிரி போர்க்கப்பலையும் விடலாமா? கூடாது என்பேன். அயர்லாந்துக் கடற்படையின் ரோந்துக் கப்பல் ஒன்றின் கதையே போதும்.

பெயர் ஆஷ்லிங். ஐரிஷ் மொழியில் கனவு. 65 மீட்டர் நீளம், அயர்லாந்தின் கார்க் பகுதியில் கட்டி 1980-ல் பணியில் சேர்ந்தது. பெரும்பாலும் மீன்வளக் காவல்தான் வேலை, எல்லை தாண்டி வலை விரிக்கிற வெளிநாட்டு டிராலர்களை விரட்டுவது. 1984 செப்டம்பரில் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வுக்காக சுமார் 7 டன் ஆயுதங்களோடு வந்த மரிட்டா ஆன் என்ற மீன்பிடிப் படகு கெர்ரி கடலோரம் பிடிபட்டதே, அதை மடக்கிய இரண்டு கப்பல்களில் இது ஒன்று. (இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.)

நமக்கும் இந்தக் கப்பலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் குண்டு வெடித்து அயர்லாந்துக்கு அருகே கடலில் விழுந்தது. 329 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கே விரைந்த கப்பல்களில் ஆஷ்லிங்கும் ஒன்று. டிராலரில் ஏறி வலையைச் சோதித்துப் பழகிய மாலுமிகள், ரப்பர் படகில் இறங்கி உடல்களைக் கையால் தூக்கி ஏற்றினார்கள். அந்த விமானத்தில் குழந்தைகள் மட்டும் 80-க்கு மேல்.

சரி, 2016-ல் ஓய்வு, மறு ஆண்டு ஏலம். போன விலை 1,10,000 யூரோ! அன்றைய மதிப்பில் 80 லட்சம் ரூபாய்கூட இல்லை, சென்னையில் ஒரு ஃபிளாட்டின் விலை. பீரங்கியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள், அது உண்மை. வாங்கியவர் நெதர்லாந்துத் தரகர், கப்பலுக்கு அவென்ஹார்ன் என்று புதுப் பெயர் வந்தது, அப்புறம் அமீரக நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது, 2018 மே மாதம் பார்த்தால் லிபியாவின் பெங்காசியில், நாட்டின் கிழக்கைக் கையில் வைத்திருந்த தளபதி கலீஃபா ஹஃப்தரின் படையில் அல் கராமா என்ற பெயரோடு நிற்கிறது. லிபியாவுக்கு 2011 முதலே ஐ.நா.வின் ஆயுதத் தடை. இந்தக் கப்பல் போனது அந்தத் தடையை மீறித்தான் என்று ஐ.நா. நிபுணர் குழுவே எழுதியது. மரிட்டா ஆனை மடக்கிய கப்பல், கடைசியில் தானே கடத்தல் சரக்கு.

விற்றபின் வாங்கினவன் என்ன செய்தால் நமக்கென்ன என்பது ஜீப்புக்குச் சரி. இதில் பீரங்கியைக் கழற்றினாலும் பீரங்கி தாங்குவதற்கென்றே கட்டிய உடம்பு அப்படியே இருக்கிறதே, திரும்ப மாட்ட எவ்வளவு நேரமாகும்?

வழி தெரியாமலும் இல்லை. இதே வகைக் கப்பலான ஈஃபாவை 2015-ல் மால்ட்டாவுக்குச் சும்மாவே கொடுத்தார்கள், அரசிடமிருந்து அரசுக்கு. ஆஷ்லிங்கையும் அப்படிக் கொடுத்திருக்கலாம். கேட்க ஆளில்லை என்றால் உடைத்து இரும்பு விலைக்குப் போட்டிருக்கலாம், பெரிய நட்டம் ஒன்றும் வந்திருக்காது.