எடை மட்டும் பேசினால் போதாது

சைக்கிளின் கார்பன் ஃபைபர் ஃபிரேம் பற்றிய உங்கள் கட்டுரை, எடை குறைவு என்பதோடு நின்றுவிட்டது. இழை ஓடும் திசையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும். கார்பன் இழைக்கு நீளவாக்கில்தான் பலம். குறுக்கே இழுத்தால் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பிசின்தான் தாங்க வேண்டும். அதனால் ஃபிரேம் குழாயின் நீளத்தோடு சில இழை அடுக்குகள், முறுக்கத்தைத் தாங்க 45 டிகிரி சாய்வில் சில அடுக்குகள் என்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பெடல் அச்சு உட்காரும் இடத்தில் பல குழாய்கள் வந்து கூடுகின்றன. அங்கே ஒரு அடுக்கு சுருங்கி மடிந்தாலே பலம் போச்சு. அப்புறம், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளை எப்படி விட்டீர்கள்? வடிவமைப்பாளர் மைக் பரோஸின் அந்த வடிவமைப்பில் வழக்கமான குழாய்களே கிடையாது. காற்றைக் கிழிக்கும் ஒரே துண்டான கார்பன் கூடு!