லத்தீன் வகுப்பில் இலக்கியத்துக்கு இடம் வேண்டும்

இத்தாலியில் 'லிச்சேயோ கிளாசிக்கோ' என்னும் மேல்நிலைப் பள்ளியில் சேரும் மாணவர் பதினான்கு வயதிலிருந்து ஐந்தாண்டுகள் லத்தீனும் கிரேக்கமும் படிக்கிறார். லத்தீனுக்கு மட்டும் முதல் இரண்டு ஆண்டுகளில் வாரத்துக்கு 5 மணி நேரம், பிந்தைய மூன்று ஆண்டுகளில் 4 மணி நேரம். வழக்கொழிந்த மொழிக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்ற கேள்வி அங்கே ஓயாமல் எழுகிறது. நேரம் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் இலக்கியம் மிகக் குறைவாக வாசிக்கப்படுவதுதான் என் மனக்குறை.

முதல் இரண்டு ஆண்டுகள் இலக்கணத்தில் கழிகின்றன. அது தேவைதான். ஆனால் அதற்குப் பிறகும் தேர்வு என்றால் 'வெர்சியோனே', அதாவது முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைத் தடித்த அகராதியோடு மல்லுக்கட்டி மொழிபெயர்ப்பது, என்றே பெரும்பாலும் ஆகிவிடுகிறது. இலக்கியமோ ஆசிரியர் வாழ்க்கை, படைப்புகள், நடை என்று இத்தாலிய மொழிப் பாடநூலிலிருந்து மனப்பாடமாகி, வாய்மொழித் தேர்வில் ஒப்பிக்கப்படுகிறது.

ரோமானியத் தத்துவஞானி செனெக்காவின் 47ஆம் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். எசமானர் வயிறு புடைக்க உண்ணும்போது சுற்றி நிற்கும் அடிமைகள் வாய் திறக்கக் கூடாது. தற்செயலாக வரும் இருமலுக்கும் தும்மலுக்கும் விக்கலுக்கும்கூட அடி விழும். "அடிமைகள்தானே என்கிறார்கள், இல்லை, மனிதர்கள்" என்று அதில் எழுதியவர் நீரோ மன்னனின் ஆசிரியராக இருந்தவர், பெருஞ்செல்வர். இந்த முரணைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் வாதிடாமல், கடிதத்தின் எட்டு வரியை வேற்றுமை உருபுகளுக்காக மட்டும் பிரித்துப் பார்ப்பது பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநியாயம் என்றே சொல்வேன்.

லத்தீன் மேட்டுக்குடியினரின் பாடம் என்ற குற்றச்சாட்டுக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1923இல் அன்றைய கல்வி அமைச்சர் ஜென்டிலே கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1960களின் இறுதிவரை, பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளுக்குமான கதவு இந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கே திறந்திருந்தது. பிள்ளைகளை வடிகட்டும் சல்லடையாக அந்த மொழி பயன்பட்டது. அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகவே 1977இல் நடுநிலைப் பள்ளியிலிருந்து லத்தீன் நீக்கப்பட்டது என்று நினைக்கிறேன். ஆனால் சல்லடையைத் தூக்கி எறிவதற்காக செனெக்காவையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை. லத்தீன் மூளையைக் கூர்மையாக்கும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்லும் வாதமும் எனக்கு உவப்பானதன்று. அதைக் கணிதமும் செய்யும்.

2019 முதல் இறுதித் தேர்வில் மொழிபெயர்ப்போடு பத்தியைப் புரிந்துகொண்டதைச் சோதிக்கும் கேள்விகளும் சேர்க்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம், ஆனால் போதாது. கடைசி மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது, ஒரு பக்கம் மூலமும் மறுபக்கம் மொழிபெயர்ப்புமாக, ஒரு படைப்பின் ஒரு பகுதியை முழுதாக வாசிக்க வைக்க வேண்டும். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் 'ஈனியிட்' காவியத்தில் அரசி தீதோவின் காதலையும் மரணத்தையும் சொல்லும் நான்காம் பகுதி 705 வரிகள்தான். 33 வாரப் பள்ளி ஆண்டில் வாரத்துக்கு இருபத்திரண்டு வரி வாசித்தால் அது முடிந்துவிடும்.