ஃபேஸ்புக் புரட்சியாம்ல

அரபு வசந்தம்னு, அதாவது 2010 கடைசில துனிசியால ஆரம்பிச்சு அரபு நாடுகள்ல பரவுன மக்கள் போராட்டம்னு பேச்செடுத்தாலே "ஃபேஸ்புக்தான்யா ஆட்சிய கவுத்துச்சு"ன்னு ஒருத்தர் வந்துடுவார். எகிப்துல 2011 ஜனவரி 27 நடுராத்திரி அதிபர் முபாரக்கோட அரசு நாடு முழுக்க நெட்டையே புடுங்கி விட்டுச்சு, அடுத்த நாள் வெள்ளிக்கிழமை செல்போனும் கிடையாது, ஆனா தொழுகை முடிஞ்சு தெருவுக்கு வந்த கூட்டம்தான் அதுவரைக்கும் வந்ததுலயே பெருசு. இத எந்தக் கணக்குல சேக்குறது?

ஆரம்பமே தள்ளுவண்டிதான. துனிசியால சிதி பூசித்ங்கிற சின்ன ஊரு, பூஅசீசி பழம் விக்கிறவரு, 26 வயசு. அதிகாரிங்க தராசைப் பறிச்சுட்டாங்க, முறையிடப் போனா கவர்னர் ஆபீஸ்ல யாரும் பாக்கல, வாசல்லயே தீ வச்சுக்கிட்டார். 28 நாள்ல, 23 வருஷம் ஆண்ட அதிபர் பென் அலி சவுதிக்கு ஓடிட்டாரு. கெய்ரோல போட்ட கோஷமும் "ஐஷ், சுதந்திரம், சமூக நீதி". எகிப்து அரபில ஐஷ்னா ரொட்டி, அதே வார்த்தைக்கு வாழ்க்கைன்னும் அர்த்தம் உண்டு, எனக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை அது.

ஆனா மக்கள் வந்தா மட்டும் போதுமா? துப்பாக்கி வச்சிருக்கவன் எந்தப் பக்கம் நிக்கிறான்ங்கிறதுதான் எல்லா ஊர்லயும் கதைய முடிச்சுது. கெய்ரோவோட தஹ்ரீர் சதுக்கத்துல "ராணுவமும் மக்களும் ஒரே கை"ன்னு கத்துனாங்க, டேங்க் மேல ஏறி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. என்னைக் கேட்டா அந்தப் புரட்சிலயே ரொம்ப விலை குடுத்த கோஷம் அதான். ராணுவம் முபாரக்கை கழட்டி விட்டது தன் சொத்த காப்பாத்திக்க, மக்கள் மேல பாசத்துல இல்ல. அப்புறம் தேர்தல்ல ஜெயிச்சு அதிபரான முர்சிய 2013 ஜூலைல அதே ராணுவம் தூக்குச்சு, முர்சி அரசு ஒண்ணும் ஒழுங்கில்ல அது வேற விஷயம், ஆனா ஆகஸ்ட் 14 கெய்ரோவோட ராபா சதுக்கத்துல உக்காந்திருந்த முர்சி ஆதரவுக் கூட்டத்த போலீசும் ராணுவமும் சேந்து கலைச்சப்ப ஒரே நாள்ல செத்தவங்க குறைஞ்சது 817 பேர்னு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு எழுதுச்சு. ஒரே கையாம்.

பஹ்ரைன் இன்னும் மோசம். அங்க போராட்டத்த அடக்க கடல் பாலத்துல சவுதி படையே வந்து இறங்குச்சு, கூட்டம் கூடுன முத்து சதுக்கத்துல இருந்த தூணையே இடிச்சுத் தள்ளிட்டாங்க.

சிரியால ஸ்கூல் பசங்க ஆட்சிக்கு எதிரா சுவத்துல கிறுக்குனதுக்கு தராங்கிற ஊர்ல புடிச்சு அடிச்சாங்க, அங்கருந்து 13 வருஷம் சண்டை, லட்சக்கணக்குல சாவு. 2024 டிசம்பர் 8 அதிபர் அசாத் மாஸ்கோவுக்குப் பறந்த அன்னைக்கு டமாஸ்கஸ் ரோட்டுல என்ன கெடந்துச்சு தெரியுமா, சிப்பாய்ங்க கழட்டிப் போட்டுட்டுப் போன யூனிஃபார்மும் பூட்ஸும்.