பலகையின் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

அபுதாபியில் மழலையர் வகுப்பெடுக்க வரும் வெளிநாட்டு ஆசிரியருக்கு அரபி பேசத் தெரியாததே முதல் தடை என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது ஓரளவுக்கே சரி. 2010-இல் அங்கே அரசுப் பள்ளிகளில் புதிய பள்ளி முறை வந்தபோது, ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றை ஆங்கில வழியில் கற்பிக்கப் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். உட்கார், பார், போதும் என்ற அளவுக்கான அரபியைப் பிள்ளைகளே சில வாரங்களில் ஆசிரியருக்குக் கற்றுத் தந்துவிடுவார்கள்.

சிக்கல் எழுத்தில்தான் இருக்கிறது. அரபி வலமிருந்து இடமாகச் செல்வதால், நமக்குப் பின்னட்டையாகத் தோன்றும் பக்கத்திலிருந்தே அங்குள்ள குழந்தை புத்தகத்தைத் திறக்கும். எண்கள் மட்டும் அரபியிலும் இடமிருந்து வலமாகவே எழுதப்படுவதால் கணிதத்தில் இந்தத் தடுமாற்றம் குறைவு என்றாலும், அங்கே வேறொன்று காத்திருக்கிறது: அரபி எண்ணுருவில் ஐந்து என்பது ஒரு வட்டம், சுழி என்பது வெறும் புள்ளி. ஐம்பது எழுதச் சொன்னதும் ஒரு வட்டத்தையும் அருகே ஒரு புள்ளியையும் வைத்துவிட்டுப் பெருமையோடு நிமிரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மையால் தவறு என்று குறியிடுவது அநியாயம். (அரபி ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டாலே விளங்கிவிடும், கேட்கத்தான் பலருக்குத் தயக்கம்.)

ரமலான் மாதத்தில் பள்ளி நேரம் சுருங்குவதையும், 2022 முதல் வெள்ளிக்கிழமை அரைநாளாக இருப்பதையும் கணக்கில் கொண்டு பாடங்களை வகுத்துக்கொள்வது நல்லது.