முதலில் கணக்கு வாத்தியாரைப் போடுங்கள், மோட்டிவேஷன் அப்புறம்

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். எங்கள் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்திருக்க, ஷாமியானா நிழலில் நின்று மோட்டிவேஷன் பேச்சாளர் ஒருவர் முழங்குகிறாரே, அதுதானே? "உங்களிடம் எல்லாம் இருக்கிறது, உள்ளே தீ மட்டும் இல்லை" என்கிறார். கைதட்டல். பின்னணியில் யாரோ பிஜிஎம் வேறு சேர்த்திருக்கிறார்கள். "காலாண்டில் கணக்கில் ஃபெயில் ஆனவர்கள் கை தூக்குங்க" என்றதும் கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் தூக்குகிறது. அவர் சிரிக்கிறார். மேடையில் சால்வையோடு இருந்த பெரிய மனிதர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூக்கிய கைகளில் ஒன்று என் அக்கா மகளுடையது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அவள் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கணக்குப் பீரியடில் சமூக அறிவியல் டீச்சர் வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல் படிங்க என்கிறாராம். பாவம், அவர் வேறு என்னதான் செய்வார்?

"வாத்தியாரே இல்லைன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே பாப்பா?" என்று கேட்டேன்.

"மைக்கு அவர் கையில இருந்துச்சு மாமா" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்பது பச்சைப் பொய். சொல்லித்தர ஆள் இருக்கும் இடத்தில் ஆர்வம் தானாக வருகிறது, ஆள் போனதும் வற்றிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் போதும்.

நான் படித்தபோது ஆய்வகம் எப்போதும் பூட்டியே கிடக்கும். உள்ளே உடைந்த பெஞ்சுகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் அறிவியல் சார் வந்தார். வந்த வேகத்தில் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு, ஒட்டடை அடித்து, பெட்டியில் கிடந்த மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வெங்காயம் வாங்கி வந்து, தோலை மெல்லிசாக உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டார். வரிசையில் நின்று பார்த்தோம். என்னோடு ஒருவன் படித்தான். விடிகாலையில் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கிரேடு தூக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். வந்ததும் கடைசி பெஞ்சில் தூங்கிவிடுவான். அன்று லென்ஸில் கண்ணை வைத்தவன் நகரவே இல்லை. "செங்கல் அடுக்குன மாதிரி இருக்குடா" என்று அவனே எங்களுக்கு வகுப்பெடுத்தான். அதற்கப்புறம் அறிவியல் பீரியட் உள்ள நாளில் அவன் மட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை. அவனுக்குள் யாரும் தீ மூட்டவில்லை. ஒரு வெங்காயமும் ஒரு வாத்தியாரும், அவ்வளவுதான்.

அடுத்த கலந்தாய்வில் சார் ஊருக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயதான அம்மாவை விட்டுவிட்டு எத்தனை வருஷம்தான் இங்கே லாட்ஜில் கிடப்பார்? ஆய்வகத்துக்கு மறுபடியும் பூட்டு. அவன் அரையாண்டோடு நின்றுவிட்டான். இப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. நன்றாகத்தான் சம்பாதிக்கிறான், அது வேறு.

உடனே அப்துல் கலாமை இழுத்துக்கொண்டு சிலர் வருவீர்கள். பேப்பர் போட்டுப் படித்தவர் ஜனாதிபதி ஆகவில்லையா என்று. ஆனார், தாராளமாக ஆனார். ஆனால் அவரே மேடைக்கு மேடை சொன்னது என்ன? ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் விளக்கி, புரியவில்லை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார், தன் வாழ்க்கையின் திசை அங்கேதான் முடிவானது என்றார். கலாமுக்கும் ஒரு வாத்தியார் இருந்தார் ஐயா. அதை மட்டும் ஏன் வசதியாக விட்டுவிடுகிறீர்கள்?

"அரசு இவ்வளவு செய்கிறதே, நன்றி வேண்டாமா" என்று ஒரு கோஷ்டி. நன்றி இல்லாமல் இல்லை. சைக்கிள் கொடுத்தார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்று சின்னப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு ஓடி வர வைக்கிறது. நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. பசித்த பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை, உப்புமா போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் செட்டில் பலருக்குப் பல்லெல்லாம் காவி. போர்வெல் தண்ணீரில் பல்லைக் காவியாக்கும் ஃபுளோரைடு. பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. வாய்விட்டுச் சிரிப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தவில்லை, தண்ணீரை மாற்றினார்கள். கணக்குக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

பணம் எங்கே என்பீர்கள். 101 முதல் 250 பேர் வரை படிக்கும் ஒரு பள்ளிக்கு, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் ஆண்டு மானியம் 50,000 ரூபாய். 250 பேர் என்றால் தலைக்கு 200 ரூபாய், வருஷத்துக்கு. சாக்பீஸ், கரன்ட் பில், குழாய் ரிப்பேர், கழிப்பறைக்கு பினாயில் எல்லாம் அதற்குள். அதற்கும் வந்தது வினை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு, அதை வேறு பதிவில் வைத்துக்கொள்கிறேன். கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு அந்த நியாயம் எல்லாம் தெரியாது.

தாழ்ப்பாள் என்றதும் நினைவு வருகிறது. அக்கா தினமும் பாட்டிலில் தண்ணீர் நிறைத்துக் கொடுக்கிறாள், சாயங்காலம் அது நிறைத்தபடியே திரும்பி வருகிறது. அந்தக் கழிப்பறைக்குப் போவதற்குப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை. நம் பேச்சாளரோ, "தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், மூளை சுறுசுறுப்பாகும்" என்று டிப்ஸ் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

"வாத்தியார்கள் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு செல்போன் நோண்டுகிறார்கள்" என்பவர்களுக்கு: நோண்டுபவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் பேசுவது நோண்டுவதற்குக்கூட ஆள் இல்லாத வகுப்பைப் பற்றி.

எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது கடைசியில் அவர் சொன்னது. "கல்வியறிவில் கடைசி மாவட்டம் என்ற பெயரை நீங்கள்தான் மாற்ற வேண்டும்" என்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி, உண்மைதான். அந்தக் கணக்கு எடுத்தபோது எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கைக்குழந்தைகள். தவழ்ந்துகொண்டிருந்தவர்களிடம் போய்க் கணக்குக் கேட்கிறார்! ஊழியர்களை "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிப்பேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ஊர்தான். தண்டனை என்று அனுப்பிவைத்தால் வருகிறவர் என்றைக்குக் கிளம்பலாம் என்றுதான் பார்ப்பார். வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் மாம்பழம், கிரானைட், ஒகேனக்கல் பரிசல், அப்புறம் பெங்களூருக்குப் போகிற சித்தாள். பிள்ளைகளும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஃபெயிலானவர் கை தூக்கு என்றால் கூச்சமே இல்லாமல் தூக்குகிறார்களே, அது தைரியம் என்றா நினைத்தீர்கள்? பழகிவிட்டது.

"பாசிட்டிவா யோசிங்க ப்ரோ" என்று கமென்ட் போட வருகிறவர்கள் அப்படியே போய்விடலாம். கணக்கில் பி.எட். முடித்துவிட்டு பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டைப் பக்கம் யாராவது வீட்டில் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கத் தலைமையாசிரியர் தயாராக இருக்கிறார். 2022-இல் இப்படி எடுத்த தற்காலிகப் பட்டதாரி ஆசிரியர்களுக்கு அரசு வைத்த சம்பளம் 15,000. கம்மிதான், தெரியும். பஸ் செலவைப் பெற்றோர்கள் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம். டிசம்பரில் அரையாண்டு.