கொல்லன் ஏன் மாட்டிக்கொண்டான்?

உங்கள் இணையதளத்தின் கருத்துப் பெட்டியில் கொலைமிரட்டல் வரக்கூடாது என்று 'கொல்' என்ற எழுத்துத்தொடரைத் தடைப்பட்டியலில் போடுகிறீர்கள். என்ன ஆகும்? கொல்லன் மாட்டுவான். கொல்லைப்புறம் மாட்டும். கொல்லாமையை வலியுறுத்தி எழுதியவரும் மாட்டுவார். "கொன்னுடுவேன்" என்று எழுதியவர் மட்டும் ஜம்மென்று உள்ளே வந்துவிடுவார், ஏனென்றால் அங்கே 'கொல்' என்பதே 'கொன்' என்று திரிந்துவிட்டது. "போட்டுத் தள்ளிடுவேன்" என்பவரைப் பிடிக்க 'தள்ளி', 'தள்ளு' இரண்டையும் சேர்ப்பீர்கள். அடுத்த நிமிடம் தள்ளிப்போன தேர்வும் தள்ளுபடி விளம்பரமும் காணாமல் போகும்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடாத வடிகட்டி ஒன்றைப் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆங்கிலம் மட்டும் தப்பியதா என்றால் அதுவும் இல்லை. 1996-இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்கவிடவில்லை. ஊர்ப்பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக இருந்ததுதான் குற்றம்.

இயந்திரத்தின் மடத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் தணிக்கை கேட்டு மனு எழுதுகிறவர்களும் அதே மடத்தனத்தைத்தான் செய்கிறார்கள். ஆபத்து சொல்லுக்குள் இருக்கிறது, சொல்லை எடுத்துவிட்டால் ஆபத்தும் போய்விடும் என்று நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், கேட்பவர் கையில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 1859-லேயே ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் அச்சிட்டால் அதைத் தொடக்கூடாது. அதே வாக்கியத்தை ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்துப்போய் நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். வாக்கியம் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அளவுகோல் ஒன்று ஐ.நா. முயற்சியில் 2012-இல் உருவானது. ரபாத் செயல்திட்டம் என்பார்கள். வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கும் முன் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: அன்றைய சூழல், பேசியவரின் செல்வாக்கு, அவரது நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், அது எவ்வளவு தூரம் பரவியது, உடனடியாகத் தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு. ஆறையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "அவர்களை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் வில்லன் பேசினால் நோக்கமே வேறு. நாற்பது பேர் பின்தொடரும் ஒருவர் எரிச்சலில் எழுதினால் அசிங்கம், ஆனால் செல்வாக்கும் இல்லை, பரவலும் இல்லை. நேற்றிரவு இரண்டு வீடு எரிந்த ஊரில், கட்சிக்காரர்கள் சூழ நிற்கும் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னால் ஆறும் ஒரே திசையில் நிற்கின்றன. மூன்றுக்கும் ஒரே தண்டனை கேட்பவர் வடிகட்டியைப்போலத்தான் யோசிக்கிறார்.

ருவாண்டாவின் ஆர்டிஎல்எம் வானொலியைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். சரியான எடுத்துக்காட்டுதான். ஆனால் வழக்கு எப்படி முடிந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய நிலையம் அது. அந்நாட்டின் சிறுபான்மை இனமான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபின் ஆட்களின் பெயர்களையும் ஒளிந்திருக்கும் இடங்களையும் வாசித்தது. ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003-இல் அதன் நிறுவனர்களைக் குற்றவாளிகள் என்றது. 2007-இல் மேல்முறையீட்டு அமர்வு ஒரு கோடு கிழித்தது: 1994 ஏப்ரல் 6-க்கு முந்தைய ஒலிபரப்புகள் இனவெறுப்பைத் தூண்டின, ஆனால் இனப்படுகொலைக்கான நேரடித் தூண்டுதல் என்று நிரூபணமாகவில்லை, அதற்குப் பிந்தையவற்றில் சில நேரடித் தூண்டுதலே. அவ்வளவு பிணங்களுக்கு நடுவிலும் நீதிபதிகள் வெறுப்பையும் தூண்டுதலையும் பிரித்துப் பார்த்தார்கள். நாம் ஒரு கேலிச்சித்திரத்துக்கே பிரிக்க மாட்டோம் என்கிறோம்.

"சகிப்பின்மையைச் சகிக்கக்கூடாது" என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் படத்தோடு சுற்றும் அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது 1945-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றின் 7ஆம் அத்தியாயத்துக்கான அடிக்குறிப்பிலிருந்து எடுத்தது. அட்டையில் இடமில்லாமல் போன பகுதி இது: சகிப்பற்ற கருத்துகளை வாதத்தால் எதிர்கொள்ள முடிகிறவரை, பொதுமக்கள் கருத்து அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கிறவரை, அடக்குவது புத்திசாலித்தனம் ஆகாது. வாதத்தையே மறுத்து, முஷ்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லத் தங்கள் ஆட்களுக்குக் கற்பிக்கும்போது அடக்கும் உரிமை வேண்டும். அவர் எல்லைக்கல்லை நட்டது முஷ்டி தொடங்கும் இடத்தில். அட்டையைப் பகிர்கிறவர்கள் அதைப் பிடுங்கிக் கருத்து தொடங்கும் இடத்தில் நட்டுவிட்டார்கள்.

புண்பட்டேன் என்பது வலிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1966-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவில் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று அனுமதித்த காரணங்களில் மனம் புண்படுதல் இல்லை. பிறர் உரிமையும் நற்பெயரும், தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், அவ்வளவுதான். இதில் 'ஒழுக்கம்' என்ற ஒரு சொல் போதும், யானையே நுழைந்துவிடும். அதிர்ச்சி தருகிற, புண்படுத்துகிற கருத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976-இல், பள்ளி மாணவர்களுக்கான ஒரு புத்தகம் பற்றிய ஹேண்டிசைட் வழக்கில் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பு, ஒழுக்கத்தைக் காப்பது என்ற பெயரில் அந்தப் புத்தகத்தின் மீது எடுத்த நடவடிக்கை செல்லும் என்று முடிந்ததை யாரும் சொல்வதில்லை.

தெளிவில்லாத சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைப் பாருங்கள். எரிச்சல், அசௌகரியம் என்ற அளவில் உள்ள இணையச் செய்திகளுக்குக்கூட 3 ஆண்டுவரை சிறை. எரிச்சலை எந்தக் கோலால் அளப்பது? 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விவாதிப்பதும் ஒன்றுக்காக வாதாடுவதும் வேறு, தூண்டுவது வேறு, மூன்றாவதில்தான் சட்டம் கைவைக்கலாம் என்றது. பிரிவு செத்த பின்னும் காவல் நிலையங்களில் அதன்படி வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது தணிக்கைக் கத்தரி சமூக ஊடக நிறுவனங்களின் கையில். ஜெர்மனி 2017-இல் கொண்டுவந்த சட்டம், அப்பட்டமாகச் சட்டவிரோதமானதைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்கச் சொன்னது. தொடர்ந்து தவறினால் அபராதம் 5 கோடி யூரோ வரை. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது பாருங்கள். நீக்க வேண்டியதை விட்டுவைத்தால் அபராதம். நீக்கக் கூடாததை நீக்கினால் ஒரு காசு இழப்பில்லை. சந்தேகம் வந்தால் ஊழியர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? பிரான்ஸ் இதேபோல் எழுதிய 24 மணி நேர விதியை அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் 2020 ஜூனில் செல்லாது என்றது.

ஆகவே ஒரு நீக்கல் உத்தரவு உங்கள் கண்ணில் பட்டால், பதிவு நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு முன் உத்தரவைப் படியுங்கள். எந்த வரி என்று குறிப்பிட்டிருக்கிறதா, இல்லை கணக்கையே முடக்கியிருக்கிறதா? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? எழுதியவருக்கு அறிவிப்பு போனதா? எத்தனை நாளுக்கு? மேல்முறையீடு யாரிடம், அவர் உத்தரவு போட்டவருக்கு மேலே இருப்பவரா, பக்கத்து நாற்காலிக்காரரா? காரணம் எழுத்தில் இல்லாத உத்தரவை எதிர்த்து நீதிமன்றத்தில் எதை மறுத்து வாதாடுவீர்கள்? பெரும்பாலும் ஓட்டை இங்கேதான் இருக்கும்.

கடைசியாகக் கூட்டத்துக்குப் பயந்து போடும் தடை. எதிர்ப்பவர்கள் கலவரம் செய்வோம் என்பார்கள், பேச வந்தவருக்கு அனுமதி ரத்தாகும். ஒரு தமிழ்ப்படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: எதிர்ப்புக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, பேச்சுக்கும் ஆபத்துக்குமான தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல இருக்க வேண்டும். நடைமுறையில் இது காவல்துறையின் வேலை. அரங்கின் வாசலையும் எதிர்ப்பாளர் நிற்கும் இடத்தையும் தனித்தனியாகப் பிரிக்கலாம், வருவதற்கும் போவதற்கும் வேறு வழி ஒதுக்கலாம், கல்லெடுத்தவரை மட்டும் தனியே அழைத்துப் போகலாம். முழக்கம் போடுபவரை அங்கேயே விட்டுவிட வேண்டும். உள்ளே பேசுபவருக்கு இருக்கும் உரிமைதான் அவருக்கும்.