வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும் ஒன்றல்ல

மேலே ஒருவர், "வேலூர்ல எந்தக் காப்பகத்துக்கும் போய் பிடிச்ச பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடலாம், மாசம் 4000 ரூபாயும் வரும், அப்புறம் அது நம்ம பிள்ளைதான்" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் நம்பிப் போனால் வம்பு. அவர் சொல்வது வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது பிள்ளையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்ப்பது.

காப்பகத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும் அதிகாரமே கிடையாது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட வேண்டும். அதற்கு முன் வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள்: பிள்ளை எங்கே படுக்கும், பள்ளி எவ்வளவு தூரம், வீட்டில் இருக்கும் பாட்டிக்கு இதில் சம்மதமா என்பது வரைக்கும். முறைப்படி இல்லாமல் தத்துப்பிள்ளையாக வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

"நம்ம பிள்ளை" என்பதும் அவசரம். பெற்றவர்கள் இருந்தால், குழு தடுக்காத வரை உங்கள் வீட்டுக்கே வந்து பார்க்கலாம். நிலைமை சீரானால் பிள்ளை அவர்களிடமே திரும்பும். தத்தெடுப்பது தனி வழி. வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிகளின்படி 2 ஆண்டு வளர்த்த பிறகு அதற்கு விண்ணப்பிக்கலாம்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வரும் அந்த 4000 பிள்ளையின் செலவுக்கு. வளர்ப்பவருக்குச் சம்பளம் இல்லை, சரியா?

திருமணமாகாதவர்களும் கேட்கலாம், ஆனால் தனி ஆணுக்கு ஆண் பிள்ளை மட்டும்தான். விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் வேலூருக்கு அலைய வேண்டாம், 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகு உங்களுக்குத் திருப்பத்தூர்.